வெள்ளிப் பூண் போட்ட துப்பாக்கி

அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்த ஜோதிலிங்கம் செட்டியாருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தபோது, அவர் சுட வேண்டியது என்று அந்த வட்டாரத்தில் எதுவும் இருக்கவில்லை. உடைமரக் காட்டில் முயலும் கௌதாரியும் உண்டுதான். அவற்றோடு செட்டியாருக்குப் பகை ஏதும் இல்லை.

லைசென்ஸ் ராஜ விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு. யுத்த நிதி வசூலில் அவர் முன்னின்று பாடுபட்டிருந்தார். அதாவது, நூலுக்குக் கட்டுப்பாடு வந்திருந்த அந்தக் காலத்தில், தறிக்கு நூல் கேட்டு வந்தவர்களை முதலில் யுத்த நிதிப் பக்கம் திருப்பிவிட்டார். ஹிட்லரைத் தோற்கடிப்பதில் அருப்புக்கோட்டை நெசவாளிகள் தங்களுக்குத் தெரியாமலேயே பங்கெடுத்துக்கொண்டார்கள்.

லைசென்ஸ் வந்த பிறகு துப்பாக்கி வாங்காமல் இருக்க முடியாது. நொடித்துப்போன ஒரு ஜமீன் வீட்டில், குழலின் வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் பழைய துப்பாக்கி ஒன்று அகப்பட்டது. பரணில் கிடந்ததில் அடிக்கட்டையின் நுனியைக் கறையான் தின்றிருந்தது. நிமிர்த்தி வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜமீனும் அந்த நிலையில்தான் இருந்தது என்பதால் அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கடையில் உட்கார்ந்திருந்த உறவுக்காரன் ரங்கராஜ், கறையான் தின்ற இடத்தை விரலால் நிரடிப் பார்த்து, "என்ன மச்சான், இது ஆனையைச் சுடவா, அடுப்புல வைக்கவா?" என்று கேட்டான். பெண் கொடுத்த வகையில் அவன் மச்சான்.

நாலு பேர் சிரித்தார்கள். செட்டியார் அந்தச் சிரிப்பை அடக்குவதற்காக, நுனியை அறுத்துவிட்டு வெள்ளியில் பூண் போடப் போவதாகச் சொன்னார். சௌடம்மன் திருவிழாவில் அந்தத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கப் போவதாகவும் சொன்னார். இரண்டாவது செய்தி, சொல்லும்போதுதான் அவருக்கே தெரிந்தது. வெள்ளி விற்கும் விலை மட்டும் வீட்டுக்கு நடந்து போகும் வழியில் ஞாபகம் வந்தது.

கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் இருமிக்கொண்டே திருச்சுழிக்குப் போனார். அங்கே ஏசுவடியான் என்பவர் அரிவாள் பிடி, கைத்தடி, துப்பாக்கிக் கட்டை எல்லாவற்றுக்கும் பூண் வார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசை. மற்ற நாட்களில் உலைக்கு முன்னால். கட்டையைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்தார்.

மரத்தின் மேல் வெள்ளியை ஊற்ற முடியாது, அந்தச் சூட்டுக்கு மரம் கரியாகிவிடும் என்று சொன்னார். வெள்ளி வேண்டுமானால் ஆசாரியிடம் போய்த் தகடு அடித்துப் போட வேண்டும். தன் கைவேலை ஈயம். மரம் தாங்கும், நன்றாகத் தேய்த்துவிட்டால் பத்தடி தூரத்தில் பெத்த தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

செட்டியாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே போகவும் செய்தது, ஏனென்றால் ஏசுவடியான் மேற்கொண்டு சொன்னார்: "ஆனா ஈயம் எங்கிட்டிருந்து வரும் ஐயா? மலாய்லதான் ஜப்பான்காரன் உக்காந்துக்கிட்டானே. வீட்டுல பழசு எதுவும் கெடந்தாக் கொண்டாங்க. ஊத்தித் தாரேன்."

வீட்டில் பழசு ஒன்று இருந்தது. அது கிடக்கவில்லை, தினமும் அடுப்பில் இருந்தது.

செட்டியாரின் மனைவி லிங்கம்மாள் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈயச் சொம்பு அது. அதில்தான் ரசம். வேறு பாத்திரத்தில் வைத்தால் அது புளித்தண்ணீர் என்பது அந்த அம்மாளின் கட்சி. அந்த ஒரு விஷயத்தில் செட்டியாரும் அதே கட்சி. ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றக் கூடாது. முதலில் புளிக்கரைசலை ஊற்றிவிட்டுத்தான் தீயைக் காட்ட வேண்டும். அசந்து மறந்து ரசம் வற்றிவிட்டால், சொம்பு அடுப்பிலேயே உட்கார்ந்துவிடும். முதலில் அடி தொய்யும், அப்புறம் சொட்டும், அப்புறம் சாம்பலில் பளபளவென்று கோலிக்குண்டுகள் கிடக்கும். அந்தத் தெருவில் கல்யாணமாகி வந்த பெண்களில் இப்படி ஒரு சொம்பை இழந்து மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவள் இல்லை. லிங்கம்மாள் மட்டும் இழக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

லிங்கம்மாள் மல்லாங்கிணற்றுக்கு ஒரு வளைகாப்புக்குப் போன பகலில், செட்டியார் தன் வீட்டு அடுப்படிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடி வைத்து நுழைந்தார். அந்த அறைக்குள் அவர் நுழைந்து வெகு காலம் ஆகியிருந்ததால் சொம்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. வேலைக்காரி ஒச்சம்மாள் துலக்கிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். இன்னும் ஈரம் இருந்தது. மேல்துண்டில் சுற்றி, அந்தத் துண்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் சளி பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே போனார். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏசுவடியான் ஏற்கெனவே கட்டையைத் தயார் செய்து வைத்திருந்தார். கறையான் தின்ற நுனியை அறுத்து, அதற்கு மேலே உளியால் பள்ளம் செதுக்கி, இரண்டு துளையும் போட்டிருந்தார். ஈயம் துளைக்குள் ஓடி இறுகினால்தான் பூண் கழலாது. பள்ளத்தைச் சுற்றித் தடித்த அட்டையைச் சுருட்டிச் சணலால் கட்டி, இடுக்குகளில் களிமண்ணை அப்பினார். பார்த்தால் கால் முறிந்தவனுக்குப் போட்ட கட்டு மாதிரி இருந்தது.

சொம்பை வாங்கியதும் அதை ஒருமுறை உள்ளும் புறமும் பார்த்தார். "புழங்குற சொம்பு மாதிரியில்ல இருக்கு," என்றார்.

செட்டியார் அது புழங்காத சொம்பு என்றார். ஏசுவடியான் மேலே கேட்கவில்லை. அவரும் பிழைக்க வேண்டியவர்.

இரும்புக் கரண்டியில் சொம்பு அடி தொய்ந்து, இடுப்பு ஒடிந்து, மெல்ல உட்கார்ந்தது. அப்போது உலைக்களம் முழுவதும் ரச வாசனை அடித்தது. புளி, சீரகம், இத்தனை வருஷச் சாப்பாடு. ஏசுவடியான் நிமிர்ந்து பார்க்காமல், நன்றாக ஓடுவதற்காகப் பழைய காரீயக் குண்டு ஒன்றிரண்டைச் சேர்த்துப் போட்டார். ஓலைக் கிழிசல் ஒன்றை உள்ளே விட்டு எடுத்தார். ஓலை தீப்பிடிக்காமல் பழுப்பேறி வந்தது. அதுதான் பதம், தீப்பிடித்தால் மரமும் பிடிக்கும் என்றார். ஒரே ஊற்று. அட்டை புகைந்தது. ஆறிய பிறகு கட்டைப் பிரித்து, பிசிறை அரத்தால் தேய்த்து, சாம்பல் போட்டுத் துணியால் துடைத்ததும், துப்பாக்கிக்கு நிலாவைச் செதுக்கி மாட்டினது போல் இருந்தது.

"தீப்பக்கம் மட்டும் கொண்டு போயிராதீக," என்றார் ஏசுவடியான். "ஊத்துன மாதிரியே எறங்கிரும்."

தன்னைப் போன்றவர்களுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று செட்டியார் கேட்டார்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்றே வளைகாப்புக்குப் போனவளும் வந்தாள். ஜோதிலிங்கம் செட்டியார் வீட்டில் பேச்சு கன்னடம். சண்டைக்கு மட்டும் லிங்கம்மாள் தமிழை எடுத்துக்கொள்வாள், தெருவைத் தாண்டியும் புரிய வேண்டுமல்லவா. அன்று சாயங்காலம் தமிழ் கேட்டது.

கடைசியாகச் சொம்பைத் தொட்டவள் ஒச்சம்மாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஈயம் கிராக்கியான காலம், எடைக்கு எடை வாங்கிக்கொள்ளக் கடைக்காரர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். லிங்கம்மாளின் கணக்கில் தப்பே இல்லை; சேர வேண்டிய ஓர் ஆளை மட்டும் அவள் சேர்க்கவில்லை. அந்த ஆள் முன்கட்டில் நாற்காலி போட்டு, துப்பாக்கியை முழங்காலில் கிடத்திக்கொண்டு, பார்க்க வந்த பத்துப் பேருக்கு வெள்ளியின் தரத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

ஒச்சம்மாள் கண்மாய்க்கரைத் தெருவிலிருந்து வந்து அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குப் பாத்திரம் துலக்குகிறவள். புருஷன் கிணறு வெட்டும்போது விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தான். அவள் கொண்டுவருவதுதான் கஞ்சி. வாசலில் நின்று, தான் எடுக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் செட்டியாரைப் பார்த்தாள். அவர் வீட்டுப் பெரியவர், ஒரு வார்த்தை கேட்டு வைப்பார் என்று பார்த்தாள்.

செட்டியார் இப்போது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் பத்துப் பேர் இருந்தார்கள், அதில் ரங்கராஜும் இருந்தான், அவன் விரல் பூணின் மேல் இருந்தது. ஆகவே திறந்த வாயால், "போனாப் போகுது விடு லிங்கம்மா, ஏழைபாழைக," என்று சொன்னார்.

பெருந்தன்மை என்று நாலு பேர் தலையை ஆட்டினார்கள். ஒச்சம்மாள் அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். திருடி என்று அதுவரை லிங்கம்மாள் மட்டும்தான் சொல்லியிருந்தாள். மன்னித்ததன் மூலம் செட்டியார் அதை ஊர்ஜிதம் செய்துவிட்டார். அது அவருக்கே உடனே தெரிந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பித்தளைப் பாத்திரத்தில் வைத்த ரசம் வந்தது. களிம்பு வாடை அடித்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு வேளையும் அவருக்கு ரசம் வரை நன்றாகவே போயிற்று. ரசம் வந்ததும் பார்வை இலையை விட்டு எழாது. மற்ற வீட்டாரும் ஒச்சம்மாளை நிறுத்திவிட்டார்கள் என்று லிங்கம்மாள் சொன்னாள், இப்போது கொஞ்சம் சங்கடத்தோடு. அவர் தறிகாரர் ஒருவர் மூலம் கண்மாய்க்கரைத் தெருவுக்கு ஒரு படி அரிசி அனுப்பினார். அரிசி அப்படியே திரும்பி வந்தது. களவாணிக்கு எதற்கு அரிசி என்று அவள் கேட்டதாகத் தறிகாரர் சொன்னார். கேட்டதில் நியாயம் இருந்ததால் செட்டியார் அவரிடம் கோபப்பட்டார்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தார். காலையில் நினைப்பது எளிதாகத்தான் இருந்தது. கடை திறந்து நாலு பேர் வந்து வெள்ளிப் பூணை விசாரித்ததும் நினைப்பு அடுத்த காலைக்குப் போய்விடும். திருவிழா முடியட்டும் என்று கடைசியில் ஒரு தவணை வைத்தார். தன் நாணயத்துக்குத் தானே தவணை கொடுத்துக்கொண்ட வியாபாரி அவர் ஒருவர்தான்.

ஒச்சம்மாள் தவணை கொடுக்கவில்லை. திருவிழாவன்று காலையில், ஊர்வலம் புறப்படும் முன், கோயிலுக்கு வெளியே சத்தியம் செய்யும் கல்லின் முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு பித்தளைத் தட்டு, அதில் முட்டை அளவுக்குக் கட்டிச் சூடம். சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வந்திருப்பதாகச் சொன்னாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லுக்கு அந்த ஊரில் அப்பீல் கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்கியதாகவும் யாரும் சொன்னதில்லை.

"நா மட்டுமில்ல," என்றாள். "அந்த வீட்டுல கையி உள்ளவுக எல்லாரும் அணைக்கணும். ஆத்தாவுக்கு எல்லாக் கையும் ஒண்ணுதான்."

கூட்டம் அதை நியாயம் என்றது. திருவிழாவில் இப்படி ஒன்று வாய்த்தால் கூட்டம் எதையும் நியாயம் என்று சொல்லும்.

ஒச்சம்மாள் சூடத்தைக் கொளுத்தினாள். லிங்கம்மாளின் சொம்பைத் தான் எடுத்திருந்தால் இந்தக் கை அழுகட்டும் என்று சொல்லி, உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கையை எடுக்கும்போது தோல் கன்றியிருந்தது. முகத்தைச் சுளிக்கவில்லை. அடுத்து லிங்கம்மாள். அவளுக்கு மறைக்க எதுவும் இல்லாததால் அவளும் பட்டென்று அணைத்துவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

மிச்சம் இருந்த சூடத்தை மறுபடி கொளுத்திவிட்டு, ஒச்சம்மாள் செட்டியாரைப் பார்த்தாள். அன்று வாசலில் பார்த்த அதே பார்வை.

செட்டியார் சரிகைத் துண்டும் ஜவ்வாதுமாக, பூணைத் தரையில் ஊன்றி நின்றிருந்தார். பொய்ச் சத்தியம் செய்ய அவருக்குப் பயம்; உண்மை சொல்ல அதைவிடப் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்க வேண்டும் என்று, வியாபாரத்தில் பழகிய புத்தி தேடிற்று. இருந்தது. கைதானே சத்தியம்? கை படாவிட்டால் அது சத்தியத்தில் சேராது. அம்மனும் அந்த லா பாயிண்டை ஒத்துக்கொள்வாள்.

ஆயுதம் தரித்தவன் ஆயுதத்தால்தான் சத்தியம் செய்ய வேண்டும், அது ராஜாங்க முறை என்று அவர் அறிவித்தார். அந்தக் குரலில் எது சொன்னாலும் கேட்டுப் பழகிய கூட்டம் இதையும் கேட்டுக்கொண்டது. துப்பாக்கியைத் தலைகீழாகத் தூக்காமல், குழல் மேலே இருக்க, பூணைச் சூடத்துக்கு நேராகப் பிடித்தார்.

அத்தோடு ஒரு அழுத்து அழுத்தி அணைத்திருந்தால் கதை வேறு. ஆனால் எதிரே நூறு பேர் இருந்தார்கள், அவர் கூட்டங்களில் தலைமை வகித்தவர். முன்னுரை இல்லாமல் அவருக்கு எதையும் செய்ய வராது. மகா ஜனங்களே என்று ஆரம்பித்தார். தன் தகப்பனார் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்ததைச் சொன்னார். யுத்த நிதியைச் சொன்னார். நேர்மை என்னும் சொல்லை அவர் இரண்டாவது முறை சொல்லும்போது பூணின் பளபளப்பு கரிப்பிடித்துக் கறுத்திருந்தது. மூன்றாவது முறை சொல்லும்போது அதன் விளிம்பு தொய்ந்தது.

ஒரு சொட்டு விழுந்தது. தட்டில் டொக் என்ற சத்தம். அப்புறம் இன்னொன்று. உருண்டு, கல்லில் விழுந்து, பளபளவென்று ஒரு கோலிக்குண்டு ஒச்சம்மாளின் காலடியில் நின்றது.

ஆண்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தீயில் வெள்ளி வேர்க்கும் போலிருக்கிறது என்று ரங்கராஜ் நினைத்தான். பெண்கள் பக்கத்தில்தான் முதலில் ஒரு முணுமுணுப்பு ஓடிற்று. அந்தச் சொட்டைத் தன் அடுப்புச் சாம்பலில் பார்க்காதவள் அங்கே லிங்கம்மாளைத் தவிர ஒருத்தியும் இல்லை. மரம் கருகி வந்த புகையில், எங்கிருந்தோ, லேசாகப் புளி வாசனையும் வந்ததாகச் சிலர் பிற்பாடு சொன்னார்கள். அது மிகையாக இருக்கலாம்.

லிங்கம்மாள் குனிந்து, முந்தானையால் அந்தக் குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு புருஷனின் துப்பாக்கியைப் பார்த்தாள். அவள் கன்னடத்தில் ஏதாவது சொல்லுவாள் என்று செட்டியார் காத்திருந்தார். வீட்டுக்குள் திட்டு வாங்குவது அவருக்கு இப்போது ஒரு வரமாக இருந்திருக்கும். அவள் ஒச்சம்மாள் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள்.

"என் வாயாலதான் சொன்னேன், ஒச்சம்மா. என் வாயிலயே போடு."

"நீங்க தெரியாமச் சொன்னீக," என்றாள் ஒச்சம்மாள். "தெரிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தவுக இவுக."

செட்டியாரின் கையில் துப்பாக்கி இன்னும் சூடத்தின் மேலேயே இருந்தது. யாரோ ஒருவர் வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கி, எரிகிற நுனியை மண்ணில் தேய்த்து அணைத்தார். செட்டியார் நஷ்ட ஈடு பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஒச்சம்மாள் கேட்டது அது இல்லை. தன்னைக் களவாணி என்று தெருவில் வைத்துச் சொன்னார்கள். அந்தப் பேச்சு கண்மாய்க்கரைத் தெரு வரைக்கும் வந்துவிட்டது. படுத்துக் கிடக்கிற புருஷன் கூட ஒருநாள், நிசமாகவே எடுக்கவில்லையா என்று கேட்டுவிட்டான். அதனால் செட்டியார் அங்கே வந்து, அவன் காதிலும் தெருவின் காதிலும் விழுகிற மாதிரி, எடுத்தது யார் என்று சொல்ல வேண்டும். இப்பவே.

ஊர்வலம் அவர் இல்லாமல் ஒரு பக்கம் புறப்பட்டது. செட்டியார் எதிர்ப்பக்கம் நடந்தார். முன்னால் ஒச்சம்மாள், பின்னால் லிங்கம்மாள், அதற்கும் பின்னால், சாமி ஊர்வலத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த பாதிக் கூட்டம். துப்பாக்கியைப் பிடித்துப் பழகியிருந்த கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. துண்டுக்குள் வைத்துக்கொண்டார்; சொம்பைக் கொண்டுபோன நாளில் வைத்த அதே இடம் என்று தெரிந்ததும் வெளியே எடுத்துவிட்டார்.

கண்மாய்க்கரைத் தெருவுக்கு அவர் வந்ததில்லை. குனிந்து நுழைய வேண்டிய குடிசை. கட்டிலில் கிடந்தவனைத் தலைமாட்டில் பிடித்துக் கொஞ்சம் தூக்கி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள் ஒச்சம்மாள். தெருக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை; அந்தத் தெருவில் நாற்காலி இல்லை.

செட்டியார் தொண்டையைச் செருமினார். மகா ஜனங்களே என்பது நுனி நாக்கு வரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, சொம்பை எடுத்தது நான்தான் என்று சொன்னார். கூட்டங்களில் கடைசி வரிசை வரை கேட்ட குரல் அது. அவருடைய மீசையைத் தாண்டவில்லை.

சுவரோரம் கயிறு திரித்துக்கொண்டிருந்த பால்ச்சாமி என்ற கிழவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"கேக்கலையே, சாமி," என்றார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு நிஜமாகவே காது மந்தம்.

செட்டியார் ஒச்சம்மாளைப் பார்த்தார். அவள் கன்றிய உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள். அவசரம் இல்லை என்பது போல நின்றாள். அவர் கட்டிலுக்கு ஓர் அடி பக்கத்தில் போய், கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஒரு தடவை சொன்னார்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமா," என்றான் கட்டிலில் கிடந்தவன்.